கண் மூடிய பாம்பு

மார்ச் 3, திங்கள்

அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில், செத்த ஊர்வனவற்றைப் பதப்படுத்தி வைத்திருக்கும் ஜாடிகளைத் துடைத்து, குறைந்திருக்கும் ஸ்பிரிட்டை நிரப்பும் வேலை. நாற்பத்திரண்டு முடிந்தது. இருபதாம் தேதி ஊர்வனவற்றுக்கென்று புது அறை திறக்கிறார்கள். அதற்குப் பொறுப்பாளர் நானா, மீன் பிரிவு மீசைக்காரரா? தலைமை அம்மா இன்னும் வாய் திறக்கவில்லை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அந்தப் பதவி எனக்கு வேண்டும். என் நோட்டில் எனக்கென்ன வெட்கம்.

மார்ச் 5

உடம்பெல்லாம் ஸ்பிரிட் வாடை. வீட்டில் எல்லோரும் தள்ளி உட்கார்ந்தார்கள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 7

நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை நாத்தனார் கொண்டுவந்தாள். தையல்காரி, ஒரு தையல் பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பாம்பு அலமாரி முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணி, இது மட்டும் ஏன் தூங்குது?"

"பாம்புக்கு இமையே கிடையாதுடி. செத்தாலும் முழிச்சுக்கிட்டேதான் இருக்கும்."

"அப்ப இது?"

ஜாடியை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு கண் முக்கால்வாசி மூடியிருந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தால், கண்ணுக்குப் பின்னால் ஊசியால் குத்தியதுபோல் காதுத் துளை. பாம்புக்கு அதுவும் கிடையாது.

கால் இல்லாத பல்லி! பதினொரு வருடமாகப் பாம்புகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. ஜாடியில் ஒட்டிய சீட்டில் பாம்பு என்று எழுதியது நானேதான். கால் இல்லையா, பாம்பு — அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன். மானம் போகிறது.

மார்ச் 8

புது அறைக்கான விளக்கப் புத்தகம் திங்களன்று அச்சுக்குப் போகிறது. பதினேழாம் பக்கத்தில் இதன் படம், பாம்பு என்று. பேசாமல் இருந்தால்? யாருக்குத் தெரியப்போகுது? ஐயோ, பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்த எத்தனை பிள்ளைங்க இதைப் பாத்து நோட்டுல எழுதிட்டுப் போயிருக்கு...

சொன்னால் பதவி போய்விடும். சொல்லாவிட்டால் தினமும் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். கணவர் சொன்னார்: "போய்ச் சொல்லித் தொலை. நீயும் சாப்பிட மாட்டேங்கறே, எங்களையும் சாப்பிட விடமாட்டேங்கறே."

மார்ச் 10

சொல்லிவிட்டேன். பூதக்கண்ணாடி ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவுகோலை வைத்தார்.

"பாதிக்கு மேல வால்தான். பாம்புக்கு இவ்வளவு வால் ஏது?"

"தப்பு என்னோடதுதாம்மா."

"மொத்தம் எத்தனை ஜாடி?"

"இருநூத்திப் பன்னிரண்டு."

"எல்லாத்தையும் மறுபடி பாருங்க. கண்ணு, காது, வால்."

அச்சகத்துக்குப் போன் போட்டு அந்தப் பக்கத்தை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மார்ச் 14

பூதக்கண்ணாடி மீசைக்காரரைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். முக்கால் மணி நேரம். மனிதர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

மார்ச் 17

இருநூற்றுப் பன்னிரண்டும் பார்த்து முடித்தேன். வேறு தவறு இல்லை. பல்லிகள் வரிசையில், நாலு கால் சொந்தக்காரர்களுக்கு நடுவே அதற்கு இடம் ஒதுக்கினேன். பதவி வராது. ஆனாலும் ஏனோ மனசு லேசாக இருக்கிறது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 19

மீசைக்காரருக்கு முறையாக வாழ்த்துச் சொல்லப் போனேன்.

"எனக்கா? நீங்க செஞ்ச மாதிரியே மீன் ஜாடி எல்லாத்தையும் ஒண்ணொண்ணா பாக்கணுமாம். அறுநூறு ஜாடிம்மா! அழ முடியாம சிரிச்சிட்டு வந்தேன்."

திரும்பினால் பூதக்கண்ணாடி நிற்கிறார்.

"அந்தச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவ நான். பதினொரு வருஷமா அந்த ஜாடியைத் தாண்டித்தான் தினமும் போறேன். நீங்கல்லாம் எனக்கு வெச்சிருக்கிற பேரும் எனக்குத் தெரியும்."

மீசைக்காரர் அவசரமாக ஒரு மீன் ஜாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"புது அறைக் கதவைப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஓடினேன். கதவில் பெரிதாக, ஊர்வன அறை. கீழே பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். நம்பமுடியாமல் தொட்டுப் பார்த்தேன். பெயின்ட் காயவில்லை. முதல் எழுத்தில் என் விரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பெயின்டர் திட்டத் திட்ட, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.