ஜவாதுக்கு எடுத்து வைத்த சாரி

முனாஸின் வாப்பாவுக்கு,

சோறும் மீன் ஆணமும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. உப்புக் குறைவென்றால் அதையும் நாடகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய கல்லூரி நாடகத்தில் பெண்சாதியாக நடிக்கிற மாணவன் ஜவாத், அஸர் தொழுகைக்குப் பிறகு வருவான். இன்றைக்கும் மேடையேற்றமாமே. என் நீல நைலெக்ஸ் சாரியைக் கதிரையில் மடித்து வைத்திருக்கிறேன்.

நேற்று அதை உடுத்துக்கொண்டு அவன், "நான் ஆக்கின சோத்த ஒரு நாளாவது நல்லாரிக்கி எண்டு செல்லி இரிக்கீங்களா?" என்று கேட்டான். மண்டபமே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நோன்பில் நான் உங்களிடம் அழுதுகொண்டு கேட்டது அது. ஒரு சொல்லும் மாறவில்லை.

பிள்ளை முனாஸோடு மருதமுனைக்கு, என் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போகிறேன். இது என் வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு, அதனால் திரும்பி வருவேன். கோபித்துக்கொண்டு நீங்கள் உங்கள் உம்மா வீட்டுக்குப் போவதென்றால், கதவைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மர்ளியா

மறந்துவிட்டேன்: கடைசிக் காட்சியில் அந்தப் பெண்சாதி புருஷனின் காலடியில் குந்தியிருந்து மாப்புக் கேட்கிறாள். மற்றதெல்லாம் என் வாயிலிருந்து எடுத்தது. அதை மட்டும்தான் நீங்களாக எழுதியிருக்கிறீர்கள்.