கையெழுத்துக் கேட்ட மகனுக்கு

அத்திபெலேயில் இருக்கும் மகனுக்கு, ஜீவனஹள்ளியிலிருந்து அம்மா எழுதுகிறேன்.

நீ கொடுத்தனுப்பிய கன்னடக் காகிதத்தைப் பக்கத்து வீட்டு வீணா படித்துக் காட்டினாள். உன் அப்பா குடித்துவிட்டுத் தானாகவே சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தார் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இஞ்சினியர் மேல் நான் போட்ட கேஸை வாபஸ் வாங்கினால் அப்பா வேலை உனக்காம்.

உனக்கு வெட்கமாக இல்லையா?

குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று ஐகோர்ட்டு போட்ட ஆர்டரை ஆபீஸ் சுவரில் பசை தடவி ஒட்டியதே உன் அப்பாதான். அதைக் காட்டி அவர் இறங்க மறுத்தபோது இஞ்சினியர் சொன்னதை, உன் அப்பாவோடு வேலை செய்த முனியப்பா கோர்ட்டில் சொன்னார். "ஜட்ஜா வந்து அடைப்ப எடுப்பாரு? இறங்குய்யா."

அதே இஞ்சினியர் போன வாரம் ஜட்ஜு முன்னால் கைகட்டி நின்றான். "என் ஆர்டர் உங்களுக்குச் சுவருல ஒட்டத்தானா?" என்று அவர் கேட்டார். ஆர்டர் போட்டு இரண்டு வருஷமாகியும் வராத, அடைப்பு எடுக்கும் மிஷின் மறுநாள் நம் தெருவுக்கு வந்தது.

ஜட்ஜு கையில் தடியா இருக்கிறது? சொன்னதை மீறினார்கள் என்று யாராவது போய் நின்றால்தான் அவர் பேச்சுக்குப் பயம். நான் வாபஸ் வாங்கினால் அந்தப் பயம் போய்விடும். அப்புறம் அந்த இஞ்சினியர் குழியில் இறக்கப்போவது உன்னைத்தான்டா.

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போகிறேன். வந்தால் என் பக்கம் நில். இல்லை, அவன் பக்கம்தான் நிற்பாய் என்றால் நில், நானும் பார்க்கிறேன்.

உன்னைப் பெற்றவள்