சித்தப்பா ஓட்டிய உங்கள் படகுக் கார்

காரைத் துடைக்கும்போது மட்டும் பாட்டு முணுமுணுக்கும் என் அப்பாவுக்கு,

நிவேதாவுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பேத்தி எப்படி இருந்தாள் என்று கேட்பதற்கு முன்னால் கார் எப்படி இருக்கிறது என்றுதான் நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை? ஒரு கீறல் இல்லை. முன் பம்பரில் சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார்கள், அது இன்னும் முழுசாகப் போகவில்லை. அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு உங்கள் படகுக் கார்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை பிரபு ஒற்றைக் காலில் நின்றார். தேனி மண்டபத்தில் தாலி கட்டியதும் இரண்டு பேரும் அதில் ஏறி ஓடைப்பட்டிக்கு, அவர் வீட்டுக்குப் போக வேண்டும். படகு மாதிரி நீளம், பாதி பச்சை, பாதி வெண்ணெய் நிறம், பின்னால் துடுப்புப் போலத் தூக்கி நிற்கும் இரண்டு ஓரம். போட்டோக்காரர் காரை எடுத்த அளவுக்குப் பெண்ணை எடுக்கவில்லை.

மண்டபத்து வாசலில் பெரியவர்கள் அதைச் சுற்றி நின்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்க இரும்புல்ல, இப்ப வர்றதெல்லாம் வெறுந்தகரம், இதுல போனா எவன் வந்து மோதுனாலும் அவன்தான் நொறுங்குவான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சைக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இரும்பு காரைக் காப்பாத்தும்யா. உள்ள இருக்கிற ஆளை எது காப்பாத்தும்?"

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தவர், மலை எஸ்டேட்டில் வெளிநாட்டு மேனேஜர் விட்டுப்போன காரை வாங்கி வந்ததை ஊரே பகட்டு என்றது. அதன் நீளத்துக்கும் மினுக்குக்கும் மயங்கி வாங்கினீர்கள் என்றுதான் அம்மாவே நினைத்தாள். நீங்கள் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டியது வேறு. டேஷ்போர்டு மேல் வைத்துத் தைத்த மெத்தை. நெஞ்சில் குத்தாதபடி நடுவில் குழிந்திருக்கும் ஸ்டியரிங். இடித்தாலும் தானாகத் திறந்துகொள்ளாத கதவுப் பூட்டு. அப்புறம் அந்த இடுப்புப் பெல்ட். மனுசன் என்னிக்காவது மோதுவான்னு மொதல்லயே நெனச்சுச் செஞ்சிருக்கான் பாரு என்று, ஏதோ அந்தக் காரைச் செய்தவன் உங்களுக்கு மச்சான் முறை மாதிரி பெருமைப்பட்டுக்கொள்வீர்கள்.

பெல்ட் முன் சீட்டுக்கு மட்டும்தான் வந்தது. பின் சீட்டுக்கும் மதுரையில் சொல்லிவைத்து மாட்டினீர்கள். எல்லோரும் போடாமல் வண்டியைக் கிளப்ப மாட்டீர்கள். கார் ஓடிரும்னு இல்ல, இவரு ஓடிருவாருன்னுதான் வீட்டுக்காரம்மா கட்டிப் போட்டிருக்காக என்று போடி பஜாரே சிரித்தது. நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள், பெல்ட்டைக் கழற்றாமல்.

அப்படிப்பட்ட மனுஷன், பெல்ட் போடாமல் செத்துப் போனீர்கள்.

இரண்டு வருஷம் ஆகிறது. தேவதானப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குச் சித்தப்பா தன் புதுக் காரில் உங்களை ஆசையாகக் கூட்டிப் போனார். உங்களுக்கு ஒரே தம்பி, அவர் ஆசைக்கு நீங்கள் என்றைக்கு இல்லை என்றீர்கள்? திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெரியகுளத்துக்கு முன்னால் பின்விளக்கு இல்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றிருந்தது. சித்தப்பா வலது பக்கம் ஒடித்தார். நீங்கள் உட்கார்ந்திருந்த இடது பக்கம் போய் மாட்டிக்கொண்டது. அவருக்கு விலா எலும்பு முறிந்தது. உங்களுக்குத் தலை.

ஏர்பேக் எல்லாம் உள்ள வண்டிதான். பெல்ட் இல்லாத உடம்பை அது மட்டும் தாங்கிவிடுமா? பெல்ட் மட்டும் போட்டிருந்தா என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த அந்த வண்டியிலிருந்து உங்கள் செருப்பை எடுத்துவர நான்தான் போனேன். அப்போது பார்த்தேன். முன் சீட்டில் பெல்ட் மாட்டுகிற குழி இரண்டிலும் ஒரு சின்னத் தகடு செருகியிருந்தது. பெல்ட் போடாவிட்டால் புதுக் கார் கத்திக்கொண்டே இருக்குமே, அதன் வாயை அடைக்கக் கடையில் விற்கிறார்களே, அந்தத் தகடு. நான் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் விதி என்றார்கள், நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன்.

அடுத்தவர் வண்டியில் ஏறி பெல்ட்டை இழுத்தால், ஏன், என் ஓட்டத்துல நம்பிக்கை இல்லையா என்று முகம் வாடுகிற ஊர் இது. சித்தப்பா முகம் வாடக்கூடாது என்றுதான் நீங்கள் சும்மா இருந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். அப்புறம் அவரை எப்படிப் பார்ப்பது? அவர் அந்தக் காரை விற்றுவிட்டார். உங்கள் படகுக் காரை மட்டும் அவ்வப்போது வந்து கிளப்பி, ஒரு சுற்று ஓட்டி, நிறுத்திவிட்டுப் போவார். ஸ்டியரிங் இடது பக்கம், கியர் ஸ்டியரிங் தண்டில். அவரை விட்டால் அதை ஓட்ட நம் வீட்டில் ஆள் இல்லை. அப்போதும் பெல்ட் போட மாட்டார். நான் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் கல்யாணத்தன்று அந்த வண்டியில் பின்னால் உட்காரப் போவது என் பிள்ளை.

காலையிலேயே அம்மாவிடம் சொன்னேன், எல்லோரும் பெல்ட் போட்டால்தான் வண்டி கிளம்பும், சித்தப்பாவும் போடணும் என்று. அம்மா என் கையைப் பிடித்து மண்டபத்துச் சமையல்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அத்தனை பேருக்கு முன்னால அந்தப் பேச்ச எடுத்தீன்னா, எங்க அப்பாவக் கொன்னது நீதான்னு உஞ் சித்தப்பாவ நேராச் சொன்ன மாதிரி. இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இரு."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. கல்யாண வீட்டில் பெண்ணின் சின்னத் தாத்தா கோபித்துக்கொண்டு இறங்கிப் போனார் என்று ஒரு பேச்சு வந்தால், அது நிவேதாவோடு எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டு வரும்?

தாலி கட்டி, சாப்பிட்டு, எல்லோரும் வாசலுக்கு வந்தோம். அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் ஓடைப்பட்டியில் நிவேதா வலது காலை எடுத்து வைத்தாக வேண்டும். நான் முதலில் பின் சீட்டுக்குப் போனேன். சம்பந்தியம்மா பதறிவிட்டார். வீடு போய்ச் சேருகிற வரைக்கும் மாலையைக் கழற்றக் கூடாது, பெல்ட்டுக்குள் சிக்கினால் நசுங்கிப் போகும், நல்ல நாளும் அதுவுமா புள்ளைகளக் கட்டிப் போட்டா கூட்டிப் போவாக என்றார். புதுக் கார் பெல்ட்டாக இருந்தால் தோளிலிருந்து குறுக்கே வந்து மாலையைப் பிழிந்துதான் இருக்கும். இது இடுப்புக்கு மட்டும். நான் மாலையைத் தூக்கிப் பிடித்து, அடியில் நாடாவைக் கொண்டுபோய், கொக்கியில் கோத்து இழுத்தேன். மாலையை இறக்கிவிட்டதும் பெல்ட் இருப்பதே தெரியவில்லை. பிரபுவும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டார். கார் செய்கிறவர்கள் இந்த இடுப்புப் பெல்ட்டை எல்லாம் எப்போதோ மூட்டை கட்டிவிட்டார்களாம். நம் ஊர்க் கல்யாண மாலைக்கு அதைத் தவிர வேறு எது சரிப்படும், சொல்லுங்கள்?

பிறகு முன்னால் வந்து சித்தப்பாவுக்கு வலது பக்கம் உட்கார்ந்து என் பெல்ட்டைப் போட்டேன். அவர் சாவியில் கை வைத்திருந்தார். நாயனம் காதைப் பிளந்தது. அம்மா ஜன்னலோரம் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, பெல்ட்டப் போடுங்க."

அத்தனை சத்தத்திலும் சுற்றி நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. சித்தப்பா முன் கண்ணாடியையே பார்த்தார். நேரமாகுது ஆத்தா, கிளம்புவோம் என்றார். போடாமல் இந்த வண்டி நகரக் கூடாது, இது அப்பா வண்டி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் முகம் கறுத்து, கை சாவியை விட்டுக் கதவுப் பக்கம் போனது. இறங்கப் போகிறார், முடிந்தது, என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கதவில் வைத்த கை அப்படியே நின்றது.

"எனக்கு மாட்டத் தெரியாது ஆத்தா. இதுல ஏறுனா அண்ணந்தான் குனிஞ்சு மாட்டி விடுவாக."

குனிந்து அந்தப் பக்கத்து நாடாவைத் தேடி எடுத்து, கொக்கியில் கோத்து இழுத்தேன். மாட்டி முடிக்கிற வரைக்கும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

சின்னமனூர் தாண்டி ஓடைப்பட்டி ரோட்டில் திரும்பியதும் முன்னால் ஒரு டிராக்டர் டிரெய்லர் வந்து சேர்ந்தது. வேண்டுமென்றே வந்த மாதிரி. ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் முந்திப் போக ரோடு காலியா என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது, வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்களுக்கு அம்மா சொல்வாள். அன்றைக்கு அந்த வேலை எனக்கு.

"தாண்டலாமா ஆத்தா?"

எட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் வளைவு. அதற்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. பொறுங்க என்றேன். பின்னால் மாப்பிள்ளை வீட்டு வேன் ஹாரனை அழுத்தியது. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா டிரெய்லருக்கு இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டார். பழைய பிரேக்கு, தள்ளியே போகணும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுபடி ஹாரன். மறுபடி தாண்டலாமா என்றார். நான் மறுபடி எட்டிப் பார்த்தேன். அப்போது, டிரெய்லரிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் பேசினார்.

"அன்னிக்கும் ஏறுன ஒடனே எம் பக்கந்தான் குனிஞ்சாக, எனக்கு மாட்டி விட. புது வண்டிண்ணே, இதெல்லாம் வேணாம்னு நாந்தான் கையத் தட்டிவிட்டேன். சிரிச்சாக. உனக்கு வேணாம்னா எனக்கும் வேணாம்டான்னு சாஞ்சு உக்காந்துட்டாக."

கியரை ஒன்று இறக்கினார்.

"அந்தத் தகட்டப் புடுங்கி எறிய எம்புட்டு நேரம் ஆகும் ஆத்தா?"

வேன் ஹாரனை விடவே இல்லை. "வேணாம் சித்தப்பா, பின்னாலயே போங்க" என்றேன். பின் சீட்டிலிருந்து நிவேதாவும் மெதுவாவே போங்க தாத்தா, நேரம் போனாப் போகுது என்றாள். அந்த வளைவுக்கு அப்புறம் ரோடு காலியாகத்தான் கிடந்தது. முந்தியிருக்கலாம். முந்தவில்லையே என்று எனக்கு வருத்தமில்லை.

ராகு காலம் பிறந்துவிட்டது. ஓடைப்பட்டி எல்லையில் ஒரு திராட்சைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தி, அது முடிகிற வரைக்கும் காத்திருந்தோம். சம்பந்தியம்மா வேனிலிருந்து இறங்கி வந்து, ஒரு டிராக்டரைத் தாண்டத் துப்பில்லாத வண்டிக்கு இம்புட்டு அலங்காரமா என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். சொல்லட்டும். பிள்ளைகள் நிழலில் நின்று திராட்சை தின்றார்கள். சித்தப்பா இறங்கவில்லை. எஞ்சினை நிறுத்திய பிறகும் பெல்ட்டோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருஷமாக அவர் மேல் வைத்திருந்த கோபத்தை அப்போது தேடினேன் அப்பா. இருந்தது, ஆனால் முன்பு போல இல்லை. அதில் பாதி உங்கள் பக்கம் வந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவர்தான் வேண்டாம் என்றார். நீங்கள் ஏன்ப்பா போடவில்லை? ஊரே சிரித்தபோது கழற்றாத பெல்ட்டை, தம்பி ஒரு வார்த்தை சொன்னதும் விட்டுவிட்டீர்களே. அவர் மேல் இருந்த பாசம்தான் என்று எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? பேத்தியைத் தாரை வார்க்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவர் படமாக மேடையில் இருந்தீர்கள். எங்களுக்காக அந்தத் தகட்டை நீங்களே பிடுங்கிப் போட்டிருக்கக் கூடாதா? எனக்கு உங்கள் மேல் கோபம். மூச்சு முட்டுகிற அளவுக்குக் கோபம்.

ராகு காலம் முடிந்து நிவேதா அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தாள். ஆரத்தி எடுத்தார்கள். நன்றாக இருப்பாள். சித்தப்பாவை மறுநாள் வீட்டுக்கு வரச் சொல்லி, அந்தக் கொக்கியை எப்படி மாட்டுவது என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை விரல் இடுக்கில் மாட்டி உஸ் என்று கையை உதறிக்கொண்டார். அப்புறம் வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. இனிமேல் யார் வண்டியில் ஏறினாலும், தம்பியோ சம்பந்தியோ சாமியே வந்து ஓட்டினாலும், முதலில் என் பெல்ட்டைப் போடுவேன். போட்டுவிட்டு, அடுத்தவரைப் போடச் சொல்வேன். அவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினாலும் என்னுடையதைக் கழற்ற மாட்டேன். எனக்கும் உங்கள் அளவுக்குப் பாசம் உண்டு. ஆனால் நான் வீடு வந்து சேர்வேன்.

இந்த ஒன்றில் மட்டும் உங்கள் பேச்சைக் கேட்டு, உங்களைப் போல் நடக்காத
உங்கள் மூத்த மகள்,
இந்திரா