சோற்றுப்பசையால் ஒட்டிய கடிதம்

இன்று காலை சங்கத்தின் உறை தபாலில் வந்தது. பிரிக்கும்போது பசையின் மணம் மூக்கில் ஏறியது. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தொலைத்தொடர்புச் சட்டமும் தொழில்நுட்பச் சட்டமும் பேசும் சர்வதேசச் சட்டத்தரணிகளின் அந்தச் சங்கத்தில் நம் இருவரில் முதலில் சேர்ந்தவர் நீர்தான், தோழி. உமக்குப் பிறகு அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது. அது எனக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை.

அந்த நாளில் கொக்குவிலில் உம்முடைய வீட்டு முன்னறைதான் நம் இருவருக்கும் வழக்குக்காரர் வந்துபோகும் கந்தோர். போரில் தொலைபேசி செத்து வருடக்கணக்கு. மின்சாரமும் இல்லை. நீரோ வானில் சுற்றும் செய்மதிகளைப் பற்றியும் கணினிகள் தமக்குள் அனுப்பும் செய்திகளைப் பற்றியும் சங்கத்தின் சஞ்சிகையில் பென்சிலால் கோடிட்டு வாசித்துக்கொண்டிருப்பீர்.

"கண்டறியாத சட்டம்! முதல்லை இஞ்சை ஒரு போன் மணி அடிக்கட்டும்," என்று நக்கலடிப்பேன்.

"அடிக்கேக்கை சட்டம் இல்லாட்டி, ஒட்டுக்கேக்கிறவனுக்குத்தான் வசதி," என்பீர். சிரிக்கவே மாட்டீர்.

ஒருமுறை சங்கம் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டது: உங்கள் ஊரில் ஒருவர் அனுப்பும் செய்தியின் இரகசியம் எப்படிக் காக்கப்படுகிறது? பழைய வழக்குத் தாள்களின் பின்புறத்தில் பன்னிரண்டு பக்கம் எழுதினீர். அவர்களின் கூட்டத்துக்கு முன் அது போய்ச் சேரவேண்டும். தபாலை நம்ப முடியாது. மருதனார்மடத்தில் இருந்த இளைப்பாறிய ஆசிரியர், நமக்கு மாஸ்டர், மகளைப் பார்க்கக் கொழும்புக்குப் போக ஆயத்தமாக இருந்தார். கிளாலியில் கடல்நீரேரியைக் கடக்க வள்ளம் ஏறுகிறவர்களிடம் ஊரே கடிதம் கொடுத்துவிடும். ஒரு நிபந்தனை: உறையை ஒட்டக்கூடாது. வழியில் இயக்கமும் இராணுவமும், இரண்டு பக்கத்தாரும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒட்டியிருந்தால் கொண்டுபோகிறவரின் தலையில்தான் விடியும்.

நீர் ஒட்டினீர். பசை இல்லையென்று சோற்றை மசித்து ஒட்டினீர். திறந்தே அனுப்புவோம் என்றேன் நான்.

"கடிதத்தின்ரை இரகசியத்தைப் பற்றி எழுதிப்போட்டு, திறந்த உறையிலை அனுப்பச் சொல்லுறீரோ? என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"மாஸ்டரை மறிச்சு வைச்சால்?"

"அவர் ஏலாதெண்டால் அனுப்பாமல் விடுவன். திறந்து மட்டும் அனுப்பமாட்டன்."

அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சல். இப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான். உறையை மாஸ்டரிடம் சேர்ப்பதை என்னிடம் விட்டீர். நான் வீட்டில் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் பிடித்துத் திறந்தேன். ஓரம் கிழிந்தது. கொழும்பில் ஒட்டித் தபாலில் போடும்படி கொடுத்தபோது மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எழுதின பிள்ளைக்குத் தெரியுமோ?"

"ஓம் மாஸ்டர். அவதான் திறக்கச் சொன்னவ."

சில மாதங்களில் சங்கச் செயலாளரின் பதில் வந்தது. கூட்டத்தில் உம்முடைய பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்தார்களாம். கீழே இன்னொரு வரி: உறை முன்பே பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது, செய்தவர் யாரென்று தெரிந்தால் எழுதவும்.

அப்போதே சைக்கிளை எடுத்தீர். நானும் பின்னால் மிதித்தேன். சொல்லிவிட வழி முழுக்க நேரம் இருந்தது. மாஸ்டரின் வீட்டுப் படலையில் நின்றபடியே கேட்டீர்: "என்ரை கடிதத்தை ஆர் திறந்தது? உள்ளதைச் சொல்லுங்கோ."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய்யென்று அவருக்கு விளங்கிவிட்டது. "நான்தான் பிள்ளை. வள்ளம் ஏற முதல் பயந்துபோனன்."

"உங்களை நம்பித் தந்தனான்," என்றீர். அதோடு அவருடன் கதைப்பதை விட்டீர். சங்கத்துக்கும் அவர் பெயரை எழுதவில்லை. "பயந்த மனுசனைக் காட்டிக்குடுக்கவோ நான் சட்டம் படிச்சனான்?" என்றீர். ஆனால் சந்தையில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்புவீர். பக்கத்தில் நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சீ, என்ன மனுசி நான்! அவரைக் காப்பாற்றத்தானே திறந்தேன் என்று எனக்கு நானே எத்தனை தரம் வாதாடியிருப்பேன். உண்மை அதுவல்ல. அந்த முகம் என்னிடமிருந்தும் திரும்பிவிடும் என்று பயந்தேன்.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. பள்ளிக்கூடமொன்றின் தரையில் காய்ச்சலோடு கிடந்தீர். மருந்து கிடைக்கவில்லை. ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்தீர்.

"மாஸ்டரைக் கண்டால் சொல்லும், எனக்குக் கோவமில்லையெண்டு. வயதுபோன மனுசன். நான் கொஞ்சம் கடுமையாத்தான் நடந்துபோட்டன்."

உண்மை வாய்வரை வந்தது. "கதையாமல் படுத்திரும்," என்று போர்வையை இழுத்துவிட்டேன். அடுத்த நாள் நீர் இல்லை.

பிறகு மாஸ்டரைத் தேடிப் பிடித்து, நீர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் கைகூப்பி அதை வாங்கிக்கொண்டார். "பெரிய மனசு அந்தப் பிள்ளைக்கு," என்று அழுதார். என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

செய்தவள் நான். மன்னிப்பு அவருக்குப் போய்விட்டது. எனக்கென்று கேட்கலாமென்றால் நீர் இல்லை.