செம்மறைக் குவளை

கிடங்கு ஆண்டு 6, தை 2. காலை 9.10

இன்று இருந்தவர்கள்: எழுதுகிற நான், பாவாயி. என் மகள் டாக்டர் கோகிலவாணி. மேலாளர் சென்னியப்பன். சமையல் மாராயி. பசு பொரிச்சி. மாடுகளைக் கொன்ற நுரைச்சுரத்துக்குத் தப்பிய ஒரே மாடு அவள்தான். அவளையும் ஆளாகத்தான் எழுதுவேன்.

திரவ நைட்ரஜன் கேனைத் திறந்தேன், வழக்கம்போல் வெண்புகை எழுந்தது. குச்சி விட்டுப் பார்த்தேன், அளவு சரி. செம்மறை மாட்டினத்தின் கருக்கள் மொத்தமும் அதற்குள் ஒரே குவளையில், மெல்லிய குழல்களில் உறைந்திருக்கின்றன. குவளை கேனின் கழுத்துக்கு மேலே ஏறக் கூடாது. வெளிக்காற்று பட்டால் செத்துவிடும்.

பட்டிப் பொங்கல் வைத்தோம். சாணியில் தெப்பக்குளம் கட்டி மஞ்சள் தண்ணீர் விட்டோம். கன்று அதை மிதித்துத் தாண்டினால் பட்டி பெருகும். கன்றுக்கு எங்கே போவது? சென்னியப்பன் ஒரு காலிக் குவளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மூன்று சுற்று சுற்றித் தாண்ட வைத்தான். "பட்டி பெருக" என்று எல்லோரும் சத்தம் போட்டோம். சாம்பிராணிப் புகை நன்றாக எழுந்தது. பொங்கலில் வெல்லம் குறைவு. மாராயி போன வருடமும் குறைத்தாள், மறக்கவில்லை.

ஆண்டு 6, ஆனி 20. காலை 7.40

பொரிச்சிக்கு வைத்த கரு தங்கவில்லை. வெயில்தான் காரணம் என்கிறாள் கோகிலா. சென்னியப்பன் மாற்றல் கேட்டு, மலையடிவாரத்தில் நைட்ரஜன் அனுப்பும் கீழ் நிலையத்துக்குப் போய்விட்டான். போகும்போது சொல்லவில்லை. என் கம்பளியும் அவனோடு போய்விட்டது.

ஆண்டு 7, மாசி 5. காலை 8.00

இரண்டாவதும் தங்கவில்லை. பொரிச்சியின் வயிற்றில் காதை வைத்தேன். தின்ற வைக்கோல்தான் பேசியது.

ஆண்டு 7, பங்குனி 11. மாலை 4.25

வயர்லெஸ்ஸில் கடற்கரைக் கிடங்கு மரியபுஷ்பம். முகம் பார்த்ததில்லை. ஆறு வருடமாகத் தினமும் பேசுகிறவள். அவளிடம் கரு இருக்கிறது, சுமக்க மாடு இல்லை.

"யக்கா, எங்க கேன்ல நைட்ரஜன் அடி தட்டப் போவுது."

கீழ் நிலையம் குறுக்கே வந்தது. "ஒரு வண்டி நைட்ரஜன்தானுங்க மிச்சம். மலைக்கா, கடற்கரைக்கா? டாக்டர், உங்க கரு நல்லா இருக்குதுங்களா?"

கோகிலா ஒலிவாங்கியை வாங்கினாள். "நல்லா இருக்கு."

"மாடும் அங்கதான் இருக்குது. அப்ப மலைக்கே அனுப்பறோமுங்க."

மரியபுஷ்பம் விட்டுக்கொடுத்தாள். "சரிதான்க்கா. பொரிச்சி ஈன்றா ஒரு வாய் சீம்பால என் பேரச் சொல்லிக் குடிங்க. மறந்தீங்க, மலையேறி வந்து காதத் திருகிடுவேன்."

குடிக்கிறேன் என்றேன்.

ஆண்டு 7, சித்திரை 3. காலை 6.15

மரியபுஷ்பம்: "மூடியத் தொறந்தேன்க்கா. புகையே வரல."

அதன்பின் அவள் லைனில் இல்லை.

ஆண்டு 7, வைகாசி 18. பகல் 1.30

கீழ் நிலையத்திலிருந்து சென்னியப்பன்.

"ஆத்தா, பொங்கலன்னிக்கி நான் கொண்டாந்தது காலிக் குவளை இல்லீங்க. சாமிக்கு வெறுந்தகரத்தக் காட்டறதான்னு மனசு கேக்கல. செம்மறைக் குவளையத்தான் எடுத்தேன். சாயங்காலமே டாக்டரம்மாகிட்ட சொல்லிப்போட்டேன். அவங்க குழலப் பாத்தாங்க. யாருகிட்டயும் மூச்சு விடாதீங்கன்னாங்க."

அன்றைக்குத் துணியிலிருந்து எழுந்தது சாம்பிராணிப் புகை இல்லை.

இடுக்கியால் ஒரு குழலை எடுத்துப் பார்த்தேன். நடுவில் நிற்க வேண்டிய காற்றுக்குமிழ் ஒரு முனைக்கு ஓடியிருந்தது. உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. உறைந்துவிட்டால் உயிரும் பிணமும் ஒரே வெள்ளைதான்.

கோகிலாவிடம் கேட்டேன். "செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா இந்த மலைல யாரும்மா இருந்திருப்பாங்க? நீ இருந்திருப்பியா?" என்றாள்.

இருந்திருப்பேன். பொரிச்சி இருந்தாளே. நல்லா இல்லை என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி கடற்கரைக்குப் போயிருக்கும். மரியபுஷ்பத்தின் கருவைப் பொரிச்சி சுமந்திருப்பாள்.

ஆண்டு 9, தை 2. மணி பார்க்கவில்லை

பொரிச்சி நேற்றுப் படுத்தாள். எழவில்லை.

தெப்பக்குளம் கட்டவில்லை. எதற்கு.

இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்கு: கேனில் கொஞ்சம் நைட்ரஜன் இருக்கிறது. குவளையைக் கழுத்துக்கு மேலே தாராளமாகத் தூக்கலாம். இனி ஒன்றும் ஆகாது.

மாராயி குறைத்த வெல்லத்தை மனதிலிருந்து விட்டேன். கம்பளியையும் விட்டேன். சென்னியப்பன், சாமியை ஏமாற்ற மனம் வராதவன், செய்ததை ஒளிக்காமல் அன்றைக்கே சொன்னவன். அவனையும் விட்டேன்.

ஒருத்தி பக்கத்து அறையில் இருக்கிறாள். கஞ்சி கொண்டுவந்து வைக்கிறாள், குடிக்கிறேன். ஆறினால் சுடவைத்துத் தருகிறாள், அதையும் குடிக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் பெயரை எழுதிவைக்கிறேன். நானே வைத்த பெயர்.

கோகிலவாணி.