சின்னத்தாய்க்கு வைத்த இரும்பு மூட்டு

மேல் டிவிஷன் லயம்,
தேவிகுளம்.
ஐப்பசி, 1978

அன்பு மகன் சங்கையாவுக்கு அம்மா எழுதுவது. பட்டாளத்தில், அந்த அசாம் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க மாரியாத்தா துணை நிற்கட்டும். நானும் அப்பாவும் உன் மகள் பூமாரியும் சுகமாக இருக்கிறோம். உன் பெண்சாதி சின்னத்தாயும் நலம் என்று எழுதக் கை வரவில்லை ஐயா. இதைத் தனியாக உட்கார்ந்து படி.

அவளுக்கு இடுப்பெலும்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து, தொடை வந்து சேரும் இடத்தில் இரும்பு மூட்டு வைத்ததை நீ கூட இருந்து பார்த்துவிட்டுத்தான் லீவு முடிந்து ரயிலேறினாய், கம்பைப் பிடித்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்து காட்டியதையும் பார்த்தாய். அதற்குப் பிறகு நல்லது ஒன்றும் நடக்கவில்லை. கட்டிலில் திரும்பிப் படுக்கும்போது உள்ளே மடக்கென்று சத்தம் கேட்டது, அவள் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது, மூட்டு நழுவிவிட்டதாம். மயக்க மருந்து கொடுத்து இழுத்துச் சேர்த்தார்கள், பிறகும் நழுவியது. அதோடு தையல் போட்ட இடம் சிவந்து பிரிந்து சீழ் வடிய ஆரம்பித்தது, ஊசிக்கு மேல் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. நரம்பும் கெட்டுப்போய் அந்தப் பாதம் துணி மாதிரித் தொங்குகிறது, கிள்ளினால்கூட அவளுக்குத் தெரியவில்லை.

போன வாரம் பெரிய டாக்டர் என்னையும் அவளைப் பெற்ற என் அண்ணன் பெரியமுத்துவையும் கூப்பிட்டு, இரும்பை எடுக்க வேண்டும், காலையும் இடுப்போடு எடுக்க வேண்டும், அப்படி எடுத்தாலும் நெஞ்சுப் படத்தில் கட்டியின் புள்ளிகள் தெரிகின்றன, அதற்கு என்னிடம் மருந்தில்லை என்றார். அண்ணன் அவர் காலில் விழுந்து, காலை எடுத்தாவது எம்புள்ளைய உசுரோட குடுங்க சாமி என்று கதறினான். டாக்டர் அவனைத் தூக்கி நிறுத்தினார், ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. சின்னத்தாயிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் விழித்துக்கொண்டு நின்றபோது, அவளே நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நெஞ்சுலயும் இருக்குன்னா காலை வெட்டி என்னத்துக்கு அத்தை, என் புள்ளகிட்டக் கொண்டு போயிருங்க என்றாள். அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனேதான் ஜீப் பிடித்து வந்தான். ரோட்டிலிருந்து நம் எஸ்டேட் லயத்து வீடு வரைக்கும் கட்டிலோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள், ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

டிஸ்பென்சரி கம்பவுண்டர் மிக்கேல் தினம் வந்து கட்டு மாற்றுகிறார். அவளுக்குச் சோறு இறங்கவில்லை, கஞ்சித் தண்ணிதான். வந்த அன்றே என்னிடம், பூமாரிக்கு இனிமே நீங்களே சோறு ஊட்டுங்க, தலை சீவுங்க, என்கிட்ட விடாதீங்க, இப்பவே உங்க கையில பழகட்டும் என்று சொல்லிவிட்டாள். பிள்ளை முதலில் அம்மா அம்மா என்று கட்டிலைச் சுற்றி வந்து அழுதது, இவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். நேற்றுக் குழாயடியில் பூமாரி வழுக்கி விழுந்துவிட்டது. எழுந்து அம்மாவைத் தாண்டி அடுப்படிக்கு ஓடிவந்து, அப்பத்தா என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதது. நான் திரும்பிப் பார்க்கிறேன், சின்னத்தாய் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விம்மி விம்மி அழுகிறாள். அவள் சொன்னபடிதான் நடந்தது, அது எனக்கே தாங்கவில்லையே, அவளுக்கு எப்படி இருக்கும்.

நல்லாருக்கேன்னு மச்சானுக்கு எழுதாதீங்க, அவுக நம்பிக்கிட்டு இருந்து ஏமாறக் கூடாது என்று அவள்தான் சொன்னாள். உன்னை வரச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், வா. பொங்கலுக்கு லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய், அதுவரைக்கும் காத்திருக்காதே. பெண்சாதிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் உன் ஆபீசரிடம் சொன்னால் விடமாட்டார்கள், டாக்டர் கைவிட்டுவிட்டார் என்று உள்ளதைச் சொல். வந்ததும் பூமாரியை உடனே தூக்காதே. முதலில் சின்னத்தாய் பக்கத்தில் போய் உட்கார்.

மாரியாத்தா உனக்கு நெஞ்சில் தெம்பு கொடுக்கட்டும். வழியில் வேளைக்குச் சாப்பிடு ஐயா.

உன்னைப் பெற்றவள்,
குருவம்மாள்