தோலை உரித்துத் தொங்கவிடுவேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

பலெர்மோவில் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

ஒரு சின்னப் பிரச்சினை, பயப்படாதீர்கள். சாப்பிட அடம்பிடித்த ஷெறினிடம், "தோலை உரிச்சுத் தொங்கவிடுவன்!" என்று கத்தினேன். போர்கோ வெக்கியோ சந்தை இறைச்சிக்கடையில் தொங்கும் ஆட்டைப்போலத் தன்னையே படமாகக் கீறி, அம்மா சொன்னதென்று டீச்சரிடம் காட்டிவிட்டாள். சிறுவர் நல அதிகாரிகள் பிள்ளைகளை வதைப்போர் பட்டியலில் என் பெயரை ஏற்றி, அவளையும் கூட்டிப்போய்விட்டார்கள். பெயரை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறேன்.

"எங்கடை தாய்மார் எல்லாரும் கோவத்திலை சொல்லுறதுதான், ஒருத்தரும் செய்யிறேல்லை" என்றேன். நீதிபதி அத்தாட்சி கேட்கிறார்.

நீங்களும் அதைச் சொல்லித்தான் வளர்த்தீர்கள், ஒருநாளும் என்னை அடித்ததில்லை என்று எழுதி, பங்குத்தந்தையிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். ஷெறின் வந்தால் சமைக்க மிளகாய்த்தூளும் வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் வயரால் அடித்த தழும்புகள் என் முதுகில் இருப்பதை மட்டும் எழுதவேண்டாம்.

மகள்,
றெஜினா